படுக்கை வலைக்கும் ஒரு விதி: அமெரிக்கச் சாலையோரச் சோதனையில் அரிதான விதிமீறல் எழுதப்பட்டால் செய்ய வேண்டியவை

அமெரிக்கச் சாலைகளில் டிரக் ஓட்டுபவர்களுக்குத் தேய்ந்த டயர், எரியாத விளக்கு, தளர்ந்த பிரேக் ஆகியவற்றுக்காக எழுதப்படும் விதிமீறல்கள் பழகிப்போனவை. ஆனால் சோதனை அறிக்கையில், டிரக்கின் படுக்கைக்கான தடுப்பு வலையைப் பற்றிய '393.76 எச்' என்ற விதியின் எண் வந்திருந்தால், இருபது ஆண்டுகள் ஓட்டியவரிடம் கேட்டாலும் கேள்விப்பட்டதில்லை என்றே சொல்வார். தெரியாத எண்ணைக் கண்டதும் அபராதத்தைக் கட்டிவிட்டு விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை இதைவிடக் கெடுதலான முடிவு வேறில்லை. இந்த எண்ணையே உதாரணமாக வைத்து, என்ன செய்ய வேண்டும் என்பதை முறையாகப் பார்க்கலாம்.

முதல் படி: கையில் இருப்பது எந்தத் தாள்?

சோதனை அதிகாரி தரும் தாள்கள் இரண்டு வகைப்படும். ஒன்று சோதனை அறிக்கை. இது வணிக வாகனங்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான எஃப்.எம்.சி.எஸ்.ஏ.வின் பதிவேட்டுக்குச் செல்கிறது. மற்றொன்று டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு. இது அந்த மாநில நீதிமன்றத்துக்கு உரியது. பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளும் நீதிமன்றத்தின் முகவரியும் அதிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அறிக்கை மட்டும் கிடைத்து டிக்கெட் கிடைக்காமலும் இருக்கலாம். அப்போது கட்டுவதற்கு அபராதம் இல்லையென்றாலும், எழுதப்பட்ட விதிமீறல் நிறுவனத்தின் பாதுகாப்புக் கணக்கில் 24 மாதங்கள் நிற்கும். ஓட்டுநரின் சோதனை வரலாற்றில் மூன்று ஆண்டுகள் தெரியும். கனடாவில் பதிவான நிறுவனமும் எல்லை தாண்டி ஓடினால் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். எனவே டிக்கெட்டுக்குத் தனியாகவும் அறிக்கைக்குத் தனியாகவும் பதில் தர வேண்டும். ஒன்றுக்குத் தந்த பதில் மற்றொன்றுக்குத் தானாகப் போய்ச் சேராது.

இரண்டாம் படி: எண்ணைப் பிரித்து, விதியைச் சொல்லுக்குச் சொல் படிப்பது

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கூட்டாட்சி விதித்தொகுப்பின் 49ஆம் தலைப்பில் 393ஆம் பகுதி வாகனத்தின் பாகங்களையும் உபகரணங்களையும் பற்றியது. 395 ஓட்டும் நேரத்தைப் பற்றியது. 396 பராமரிப்பைப் பற்றியது. புள்ளிக்குப் பின் வரும் எண் பிரிவையும், எழுத்து உட்பிரிவையும் குறிக்கும். ஈ.சி.எஃப்.ஆர். என்ற அரசு இணையதளத்தில் இந்த எண்ணைத் தேடினால் விதியின் முழு வாசகமும் இலவசமாகக் கிடைக்கும். அறிக்கையில் உள்ள ஒற்றை வரி விளக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

393.76 என்பது டிரக்கில் உள்ள படுக்கைக்கான பிரிவு. அதன் 'எச்' உட்பிரிவின்படி, 1971 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னரோ தயாரிக்கப்பட்ட, படுக்கை வசதியுள்ள வாகனத்தில், வேகம் சட்டென்று குறையும்போது படுத்திருப்பவர் வெளியே வீசப்படாமல் தடுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். வாகனத்தின் நீளவாக்கில் முன்புறம் நோக்கிச் செலுத்தப்படும் குறைந்தது 6,000 பவுண்டு விசையை அது தாங்கும்படி வடிவமைத்து, பொருத்தி, பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். நடைமுறையில் இது பெரும்பாலும் ஒரு வலை. பட்டைகளும் கொக்கிகளும் கொண்டது. ஒருவர் ஓட்ட இன்னொருவர் உறங்கும் டிரக்கில் திடீரென பிரேக் அழுத்தப்பட்டால், உறங்குபவரைக் காப்பது இந்த வலை ஒன்றுதான். ஆகவே இதை வெறும் காகிதக் குற்றமாக நான் நினைப்பதில்லை.

வாசகத்தை மீண்டும் பாருங்கள். 'வாகனத்தில் இருக்க வேண்டும்' என்றுதான் அது சொல்கிறது. சோதனையின்போது யாராவது படுத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. "நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன், பின்னால் யாரும் தூங்குவதில்லை" என்ற பதில் இதனால் எடுபடாது. அதே சமயம், வலை வாகனத்தில் இருந்தும் அதிகாரியின் கண்ணில் படவில்லையென்றால் நிலைமை வேறு.

மூன்றாம் படி: சாலையோரத்திலேயே படம் எடுப்பது

நான் கோப்புகளைக் கவனித்துவந்த ஒரு சிறிய நிறுவனத்தில் இப்படி நடந்தது. வலை இல்லை என்று எழுதப்பட்ட டிரக்கில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது, சுருட்டிய வலை அடியிலேயே கிடந்தது. ஒரு பக்கப் பட்டை சுவரில் உள்ள கொக்கியில் மாட்டியபடியே இருந்தது. ஆனால் ஓட்டுநர் படம் எடுத்தது மூன்று நாட்கள் கழித்து. அதற்குள் யாராவது புதிதாக மாட்டியிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு எங்களிடம் பதில் இல்லை. எனவே அதிகாரி வாகனத்தை விட்டு விலகியதும், நேரமும் இடமும் பதிவாகும்படி கொக்கிகள், பட்டைகள், தயாரிப்பு ஆண்டு உள்ள தகடு ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரியிடம் வாக்குவாதம் வேண்டாம்; "எந்த இடத்தில் குறை பார்த்தீர்கள்?" என்று பணிவாகக் கேட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டால் போதும்.

நான்காம் படி: நாட்கணக்கு

அறிக்கையில் 'அவுட் ஆஃப் சர்வீஸ்' என்று குறிக்கப்பட்டிருந்தால், அந்தக் குறை சரிசெய்யப்படும் வரை வாகனத்தை ஓட்டக் கூடாது. குறிக்கப்படவில்லையென்றாலும் 396.9 பிரிவின் கடமைகள் அப்படியே இருக்கின்றன. ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்கு வந்துசேர இயலாதவரானால், அறிக்கையை உடனடியாக அனுப்பிவைக்க வேண்டும். நிறுவனம் குறைகளைச் சரிசெய்து, சோதனை நடந்த 15 நாட்களுக்குள் அறிக்கையில் சான்றொப்பமிட்டு, அதை வழங்கிய துறைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு நகலைச் சோதனை நாளிலிருந்து 12 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். சொந்த டிரக்கைத் தாமே ஓட்டுபவருக்கு இரண்டு கடமையும் உண்டு. வேலை முடியாமல் கையெழுத்திடுவது பொய்ச் சான்று. வலை வாங்கிய ரசீது, மாட்டிய தேதி, மாட்டிய பின் எடுத்த படம் மூன்றையும் பராமரிப்புக் கோப்பில் சேருங்கள்.

ஐந்தாம் படி: நீதிமன்றமும் டேட்டாக்யூஸும்

டிக்கெட்டும் இருந்தால், அபராதம் கட்டுவது பெரும்பாலான மாநிலங்களில் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்பதை நினைவில் வையுங்கள். விதியின் வாசகத்துக்கும் வாகனத்தின் நிலைக்கும் பொருத்தமில்லை என்று தெரிந்தால், கெடு முடிவதற்குள் குற்றத்தை மறுத்துப் பதில் அனுப்புங்கள். வணிக ஓட்டுநர் உரிம வழக்குகளில் பழகிய வழக்கறிஞரை அமர்த்துவது நல்லது.

அறிக்கையில் உள்ள பதிவைத் திருத்த டேட்டாக்யூஸ் என்ற இணைய முறையில் விண்ணப்பிக்க வேண்டும். சோதனை நடந்து மூன்று ஆண்டுகள் வரை இதற்கு இடமுண்டு. விண்ணப்பம் பெரும்பாலும் சோதனை நடத்திய மாநிலத்திடமே போய்ச் சேரும். எனவே வருத்தத்தை எழுதாமல் வாசகத்தை எழுதுங்கள்: "393.76 எச் தடுப்பு ஏற்பாடு வாகனத்தில் இருக்க வேண்டும் என்கிறது. சோதனை முடிந்த 10 நிமிடத்தில் எடுத்த இணைப்புப் படத்தில் வலையும் இரு பக்கக் கொக்கிகளும் தெரிகின்றன." விதி தெரியாது என்பதோ, இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதோ ஆதாரமாகாது. நீதிமன்றம் டிக்கெட்டைத் தள்ளுபடி செய்தால் அந்த உத்தரவின் சான்றிட்ட நகலைப் பெற்று, அதையும் டேட்டாக்யூஸில் நீங்களே ஏற்ற வேண்டும்.

வலை உண்மையாகவே இல்லாதிருந்தால் டேட்டாக்யூஸை நாட வேண்டாம். புதிய வலையை மாட்டி, சான்றொப்பத்தை அனுப்பிவிட்டு, அதே நிறுவனத்தின் மற்ற டிரக்குகளிலும் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள்.