டேப்பிங் எல்லாம் சரி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?

கிட்டார்ல டேப்பிங், அதாவது ஸ்ட்ரிங்க மீட்டாம விரலால தட்டியே நோட்டு வரவைக்கறது, கத்துக்கிட்ட புதுசுல ஒரு ஃப்ரெண்டு ரிசப்ஷன்ல ஒரு நிமிஷம் முழுக்க ரெண்டு கையாலயும் ஃப்ரெட்போர்டுல தட்டித் தள்ளினேன், பசங்க விசிலடிச்சாங்க, எனக்கு கால் தரையில இல்ல. மறுநாள் அந்த வீடியோவ வீட்ல ஓடவிட்டப்போ அம்மா கிச்சன்லேர்ந்து எட்டிப் பாத்து "பாட்டு எப்படா ஆரம்பிக்கும்?"னு கேட்டாங்க. செம கடுப்பு. அப்புறம் ஹெட்ஃபோன் போட்டுத் திரும்பக் கேட்டா, அவங்க கேட்டது நியாயம்தான். மூணே நோட்டு, அதையே சுத்திச் சுத்தி, எல்லாம் ஒரே சத்தத்துல, ஏதோ மிக்ஸி ஓடுற மாதிரி.

இதுல ஒரு விஷயம் யாரும் முன்னாடியே சொல்றதில்ல, டேப்பிங்ல ஸ்பீடு ரொம்ப சல்லிசா கிடைச்சிடும். பிக் (ஸ்ட்ரிங்க மீட்டற சின்னத் துண்டு) வச்சு அதே வேகத்துக்கு வரணும்னா வருஷக்கணக்குல ஆகும், டேப்பிங்ல ரெண்டு வாரத்துல ஓரளவுக்கு வந்துடும், ஏன்னா வேலைய ரெண்டு கையும் பங்கு போட்டுக்குது. மெதுவா வாசிச்சாதான் வண்டவாளம் தெரியும், நோட்டு செத்துப்போகும், ஒண்ணு சத்தமா ஒண்ணு ஈனஸ்வரமா வரும். அதனால நாம எல்லாரும் வேகத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறோம். நான் சொல்லப்போறது எல்லாமே அந்த ஒளியிற இடத்தக் காலி பண்ணத்தான்.

முதல்ல ஆம்ப்ல கெயின (சத்தத்த கரகரப்பாக்குற டிஸ்டார்ஷன ஏத்தி இறக்குற திருகு) பாதிக்குக் கீழ இறக்குங்க. டிஸ்டார்ஷன் அதிகமா இருந்தா லேசாத் தொட்டதும் பலமாத் தட்டினதும் ஒரே மாதிரி கேக்கும், தப்பு எதுவும் வெளிய வராது. அடுத்து, தங்கச்சியோ மனைவியோ வச்சிருக்கற துணி ஹேர் பேண்ட் ஒண்ண எடுத்து நட் (கிட்டார் கழுத்தோட தலைப்பக்கம் ஸ்ட்ரிங்ஸ் உக்கார்ற பட்டை) பக்கத்துல ஸ்ட்ரிங்ஸ் மேல சுத்திக்கோங்க (கேட்டுட்டு எடுங்க). விரலால தட்டும்போது ஃப்ரெட்டுக்கு இந்தப் பக்கம் நட் வரைக்கும் உள்ள ஸ்ட்ரிங்கும் சேர்ந்து அதிரும், அந்த இரைச்சல இது அமுக்கிடும். ரைட் ஹேண்ட்ல நடுவிரலால தட்டினா பிக்க கட்டைவிரல் ஆள்காட்டி விரலுக்கு நடுவுல வச்சுக்கலாம், அதக் கீழ போட்டுட்டுத் தேட வேண்டியதில்ல. தட்டின விரல சும்மா மேல தூக்காதீங்க, கொஞ்சம் சைடுல இழுத்து சுண்டிவிடணும், அப்பதான் அடுத்த நோட்டுக்கு உயிர் இருக்கும்.

இப்போ பி ஸ்ட்ரிங். ஆள்காட்டி விரல் 5வது ஃப்ரெட், சுண்டுவிரல் 8, ரைட் ஹேண்ட் 12ல. தட்டு, 5க்கு புல் ஆஃப் (தட்டின விரல சுண்டி எடுத்து 5ஐ ஒலிக்கவிடறது), 8ல ஹேமர் ஆன் (சுண்டுவிரலால தட்டி அமுக்கறது). இந்த மூணு நோட்டும் சேர்ந்தா ஈ மைனர் கார்டு. ரைட் விரல மட்டும் 13க்கு நகத்துங்க, சி மேஜர் ஆயிடும். அப்புறம் லெஃப்ட் 7, 10, ரைட் 15, அது டி மேஜர். கடைசியா லெஃப்ட் 8, 12, ரைட் 17, திரும்ப ஈ மைனர், ஆனா மேல ஏறி வந்து நிக்கும்.

உடனே ஓட்டாதீங்க. முதல்ல ரைட் ஹேண்ட் நோட்டுங்கள மட்டும் வரிசையா வாசிங்க, 12, 13, 15, 17. நாலே நோட்டு, வாயால பாடிப் பாருங்க. இதுதான் உங்க மெலடி, மத்த ரெண்டு விரலும் பக்கவாத்தியம். இது பாட வந்ததுக்கப்புறம் முழுசா வாசிச்சா கை தானாவே அந்த மேல் நோட்ட ஒரு இழை அழுத்தமாத் தட்டும், கீழ உள்ளது அடங்கும். பாட வராத டேப்பிங் லிக்க (சின்ன வாசிப்புத் துண்ட) நான் இப்பல்லாம் வாசிக்கறதே இல்ல, எவ்ளோ ஷோவா இருந்தாலும் சரி.

"அப்போ வான் ஹேலன் மட்டும் என்ன பண்ணாரு, வெறும் ஸ்பீடுதானே"ன்னு ஒருத்தர் கட்டாயம் கேப்பாங்க. டேப்பிங்கப் பிரபலமாக்கின ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலனத்தான் சொல்றாங்க. 1978ல வந்த அவரோட எரப்ஷன்ங்கற கிட்டார் சோலோவ நிதானமா ஒரு தடவ கேளுங்க. மொத்தமே 1 நிமிஷம் 42 செகண்ட், அதுலயும் டேப்பிங் பாதிக்கு மேல போனப்புறம்தான் வருது. அதுவரைக்கும் பிக், பெண்ட் (ஸ்ட்ரிங்க வளைச்சு சுருதி ஏத்தறது), ட்ரெமலோ பார் (ஸ்ட்ரிங்ஸோட சுருதிய ஆட்டற கம்பி)னு ஏத்தி ஏத்திக் கொண்டுவந்து அப்புறம்தான் அங்க கொண்டு போய் விடுறார். அந்த டேப்பிங்கும் ஒரே ஷேப்ப அரைக்கறதில்ல, பி ஸ்ட்ரிங்ல 2, 5, ரைட்ல 9னு ஒரு மைனர் கார்டுல ஆரம்பிச்சு விரல் கொஞ்சம் கொஞ்சமா நகர நகர கார்டு மாறிக்கிட்டே போகும், காது அடுத்தது என்னன்னு காத்திருக்கும். நாம காப்பியடிக்கறது விரல மட்டும்தான், அந்த நகர்த்தல இல்ல. அவர்தான் டேப்பிங்கக் கண்டுபிடிச்சார்ங்கறதும் தப்பு, ஜெனிசிஸ் பேண்டுல ஸ்டீவ் ஹாக்கெட் 70கள் ஆரம்பத்துலயே பண்ணிட்டார், ஜிம்மி வெப்ஸ்டர்ங்கற கிட்டாரிஸ்ட் 1952லயே இதுக்குப் புத்தகம் போட்டிருக்கார்.

அடுத்தது தாளம். மேல சொன்ன மூணு நோட்டு பேட்டர்ன் வாயில தகிட தகிடன்னு வரும், எப்பவும் தட்டுற நோட்டுலயே அழுத்தம் விழும், அதான் மிக்ஸி சத்தத்துக்குக் காரணம். மெட்ரோனோம (பீட் தட்டிக் காட்டற கருவி) நிமிஷத்துக்கு 60ல வச்சு ஒரு பீட்டுக்கு நாலு நோட்டா அதே தகிடவ வாசிங்க, அதாவது சதுஸ்ர நடையில தகிட. டேப் முதல் பீட்டுல விழும், அப்புறம் தள்ளித் தள்ளிப் போய் 12 நோட்டு கழிச்சு, மூணு பீட் தாண்டித்தான் திரும்ப பீட்டுல வந்து உக்காரும். விரல்ல எதுவும் மாறல, ஆனா கேக்கறவங்களுக்கு வேற சரக்கு. இது போரடிச்சா தட்டு, 8, 5, திரும்ப 8ன்னு தகதிமியா மாத்திக்கோங்க.

முக்கியமா நிறுத்துங்க. 17ல போய் சேந்ததும் ரைட் விரல எடுக்காம அப்படியே அமுக்கி வச்சுக்கிட்டு, லெஃப்ட் ஹேண்டால 12ல ஸ்ட்ரிங்க மேலயும் கீழயும் ஆட்டினா அந்தத் தட்டின நோட்டுக்கே வைப்ரேட்டோ (சுருதி லேசா அசையறது) வரும். நம்ம காது கமகத்துக்குப் பழகினது, இந்த ஒரு அசைவு இருந்தா போதும், ஒட்டிக்கும்.

இதெல்லாம் ஒரு ஸ்ட்ரிங் கதை. ரெண்டு கையும் தனித்தனியா பேசணும்னா ஸ்டான்லி ஜோர்டன்ங்கற ஜாஸ் கிட்டாரிஸ்ட் பக்கம் போங்க, 1985ல ப்ளூ நோட் கம்பெனி வெளியிட்ட மேஜிக் டச் ஆல்பம். சின்ன வயசுல பியானோ வாசிச்சவர், கிட்டார்லயும் அதையே செய்யறார், ஒரு கைல பேஸும் கார்டும், இன்னொரு கைல மெலடி, டோன் சுத்தமா கிளீன். ஸ்ட்ரிங்ஸ ஈ, ஏ, டி, ஜி, சி, எஃப்னு நாலாம் ஸ்வர இடைவெளிலயே ட்யூன் பண்ணுவார், அதனால ஒரு ஷேப் எந்த ஸ்ட்ரிங்ல வச்சாலும் அதே ஷேப்தான்.

நாம சாதா ட்யூனிங்லயே ஆரம்பிக்கலாம். ஹேர் பேண்ட் இருக்கட்டும், கம்ப்ரெஸ்ஸர் (சத்தத்தோட ஏத்த இறக்கத்தக் குறைக்கற எஃபெக்ட்) இருந்தா போடுங்க. லெஃப்ட் கையால தடி ஈ ஸ்ட்ரிங்ல 5வது ஃப்ரெட்டத் தட்டி நாலு பீட் அப்படியே பிடிங்க, அது மேல ரைட் கையால பி ஸ்ட்ரிங் 13, 12, அப்புறம் ஜி ஸ்ட்ரிங் 14. அடுத்த பார்ல (அடுத்த நாலு பீட்ல) லெஃப்ட் 3வது ஃப்ரெட், ரைட் பி ஸ்ட்ரிங் 12, ஜி ஸ்ட்ரிங் 14, 12. பாக்க குழந்தை விளையாட்டு. ஆனா பேஸ் அடங்கி மெலடி மேல நிக்கணும், தடி ஸ்ட்ரிங் இயல்பாவே கத்தும், அத அடக்கறதுலதான் மொத்த வேலையும். தினமும் போன்ல ரெக்கார்டு பண்ணி, கிட்டாரக் கீழ வச்சுட்டு, வேற ரூம்ல போய்க் கேளுங்க, கைல கிட்டார் இருக்கும்போது நம்ம காது நமக்கே பொய் சொல்லும்.

இந்த ரெண்டு பார் எனக்கு மூணு வாரம் எடுத்துச்சு, 60 ஸ்பீடுல. இன்னமும் பேஸ் கை அப்பப்போ முந்திக்கிட்டுத்தான் வருது.