ஊரில் நாரி பிடிக்காமல் படுத்தெழும்ப

வெளிநாட்டிலிருந்து லீவில் யாழ்ப்பாணப் பக்கம் ஊருக்குப் போகிறவர்கள் சொக்லேட்டோடு கோடாலித் தைலமும் அள்ளிக் கட்டிக்கொண்டு போவார்கள். சொந்தக்காரருக்குக் கொடுக்கத்தான். ஆனால் இரண்டாம் கிழமை பார்த்தால் அதில் பாதியைத் தங்கள் கழுத்திலும் நாரியிலும் (கீழ்முதுகிலும்) தாங்களே பூசி முடித்திருப்பார்கள், கேட்டால் "மெத்தை சரியில்லை" என்பார்கள்.

முதல் இரண்டு நாள் வலிக்கு மெத்தையைக் குறை சொல்லாதீர்கள். லண்டன் ஆட்களுக்கு நேரடி விமானமென்றாலும் கிட்டத்தட்ட பதினொரு மணி நேரம், ரொறன்ரோ ஆட்கள் நடுவில் எங்காவது இறங்கி ஏறவும் வேண்டும், அதற்குமேல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 400 கிலோமீற்றர் அளவில் இரவு பஸ். கழுத்து அங்கேயே பிசகிவிடும். கனடாக்காரருக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம் வேறு, நடுச்சாமத்தில் விழித்துப் புரளுவதும் சேர்ந்து எல்லாப் பழியும் கட்டிலில் விழும்.

மூன்றாம் நாளும் வலித்தால் முதலில் தலையணையைப் பாருங்கள். ஊர் வீடுகளில் இலவம் பஞ்சுத் தலையணைதான் அதிகம், நாள்பட நாள்படப் பஞ்சு இறுகிக் கட்டியாகி, ஒரு பக்கம் மேடு ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும். நல்ல வெயிலில் இரண்டு நாள் போட்டுத் தட்டியெடுத்தால் கொஞ்சம் இளகும். அப்படியும் சரிவராவிட்டால் மாமியிடம் பழைய நூல் சேலை ஒன்று கேட்டு வாங்கி மடித்து வையுங்கள். ஒரு மடிப்புக் கூட்டலாம், ஒரு மடிப்புக் குறைக்கலாம், இந்த வசதி சாதாரணக் கடைத் தலையணையில் இல்லை. உயரம் எவ்வளவு என்பது நீங்கள் படுக்கிற விதத்தைப் பொறுத்தது. பக்கவாட்டில் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையிலான இடைவெளி நிரம்பவேண்டும், அதாவது மூக்கு நெஞ்சுக்கு நேராக நிற்கவேண்டும். நிமிர்ந்து படுப்பவருக்கு அதில் பாதி போதும். குப்புறப் படுக்கிறவர்கள் தலைக்கு ஒன்றும் வைக்காமல் வயிற்றுக்குக் கீழே மெல்லியதாக ஒன்று வைத்துப் பாருங்கள், இருந்தாலும் இரவு முழுக்கக் கழுத்தைத் திருப்பி வைத்திருந்தால் வலிக்கத்தான் செய்யும்.

நாரிக்கு இன்னொரு தலையணை கேளுங்கள், வெட்கப்படத் தேவையில்லை. நிமிர்ந்து படுத்தால் முழங்காலுக்குக் கீழே, சரிந்து படுத்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில். ராத்திரிக் கொத்து ரொட்டி நெஞ்சை எரித்தால் இடப்பக்கம் சரிந்து படுங்கள், வலப்பக்கத்தைவிட அது நல்லது. கர்ப்பிணிகள் 28 வாரத்துக்குப் பிறகு எந்த ஊரிலும் பக்கவாட்டில் படுத்தே உறங்கவேண்டும். தலைமாட்டைத் திருப்பிப் போடுகிற வேலை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், தெரியாமல் வடக்கே தலை வைத்துவிட்டால் வீட்டில் ஒருவருக்கும் நித்திரை வராது.

பாயில் படுத்துப் பழைய ஞாபகங்களைக் கிளறும் ஆசை பலருக்கு உண்டு. நல்லது, ஆனால் சரிந்து படுக்கிற பழக்கமுள்ளவர்களுக்கு வெறும் பாயில் தோளும் இடுப்பெலும்பும் நொந்துபோகும். கீழே இரண்டு தடித்த போர்வை விரியுங்கள், அல்லது அங்கே இருக்கும்வரை நிமிர்ந்து படுக்கப் பழகுங்கள். எழும்பும்போது நேரே நிமிராமல் ஒரு பக்கம் உருண்டு, கையை ஊன்றி எழும்புங்கள். நாரி பிடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

குழி விழுந்த ஃபோம் மெத்தையைத் தலைகால் மாற்றிப் போட்டுப் பாருங்கள், கீழே ஒரு பிளைவூட் பலகை கொடுத்தால் மூன்று கிழமை சமாளிக்கலாம். மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டால் காலையில் தூக்கி நிறுத்துங்கள், முக்கியமாக ஐப்பசி கார்த்திகை மழைக்குள் போகிறவர்கள், அடியில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் பூத்துவிடும். நுளம்பு வலையை இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, மத்தியானத் தூக்கத்துக்கும் வலை வேண்டும். நித்திரையில் மூச்சு அடைக்காமலிருக்கக் காற்று ஊதும் சீபாப் மெஷின் பாவிப்பவர்கள் அதன் அடப்டரில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஊரில் 230. பழைய வீடுகளில் பிளக் ஓட்டை வட்டமாக இருக்கும், அதற்குப் பொருந்துவதும் வேண்டும்.

சரி, புது மெத்தையே வாங்கிவிடுவோம் என்று வெளிக்கிடுகிறவர்களுக்கு என்னுடைய ஒரே கேள்வி: நீங்கள் திரும்பிப்போனபிறகு அதில் யார் படுக்கப்போகிறார்கள்? அம்மாவென்றால் அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போங்கள். வழக்கமாகப் படுக்கிற மாதிரியே பத்து நிமிடம் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து படுத்ததும் நாரிக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள்: தாராளமாகப் போய்வந்தால் மெத்தை அவவுக்குக் கடினம், கையை அசைக்கவே முடியாவிட்டால் மிகவும் மெத்து. நாரிக்கு நல்லதென்று பலகை மாதிரி ஒன்றைத் தேடாதீர்கள். ஸ்பெயினில் நாள்பட்ட நாரிவலிக்காரர் 313 பேரைக் கடின மெத்தையிலும் நடுத்தர மெத்தையிலும் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வு 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 90 நாளின் முடிவில் நடுத்தரத்தில் படுத்தவர்களுக்குத்தான் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. வெக்கைக்கு மெமரி ஃபோம் சரிவராது, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தென்னந்தும்பு மெத்தையிலும் றப்பர் பாலில் செய்த மெத்தையிலும் காற்றோட்டம் இருக்கும், இரண்டும் இலங்கையிலேயே செய்கிறார்கள். அங்கே மெத்தை பொதுவாக 72 அங்குல நீளம், கனடா குயீன் 80 அங்குலம், ஆகவே பெட்ஷீற்றைக் கனடாவிலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள், ஆறடி தாண்டிய மகன் இருந்தால் அவனுடைய கால் வெளியேதான்.

இவ்வளவும் அறிந்தா நான் வாங்கினேன்? அம்மாவைக் கேட்காமல், பத்து அங்குல மெமரி ஃபோம் ஒன்று. அடுத்தமுறை போய்ப் பார்த்தால் பொலித்தீன் உறை கழற்றாமலே இருக்கிறது. "ஊத்தை பிடிச்சிடும் தம்பி, அதான் விட்டனான்" என்றா. பொலித்தீனில் வியர்த்துக் கொட்டுகிறது, பாட்டா காலத்துக் கட்டில் ஏற்கெனவே உயரம், அதற்குமேல் இது, ஏறி இருந்தால் கால் நிலத்தில் முட்டவில்லை. வயதானவர்கள் கட்டிலில் இருந்தால் பாதம் நிலத்தில் பதியவேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அவ கீழே பாயில்தான் படுத்திருக்கிறா. ஓடாவியாரைக் கூப்பிட்டுக் கட்டில் காலில் ஐந்து அங்குலம் அரிந்தோம், மெமரி ஃபோம் தம்பி வீட்டுக்குப் போனது, நாலங்குலத் தும்பு மெத்தை ஒன்று வந்தது. உறையைக் கடைக்காரரிடமே கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அதற்குமேல் பாயை விரித்துப் படுக்கிறா.