பழைய காரை யாரை நம்பி விடுவது?

என் வண்டியில் தெர்மோஸ்டாட்டே (என்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) இல்லை என்கிற விஷயம் எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 2007 மாடல் பெட்ரோல் வண்டி, அப்பா வாங்கியது. ஒரு நாள் சென்னை கத்திப்பாரா பாலத்தில் ஹீட் ஆகி நின்றது. பக்கத்தில் இருந்த ஒரு மெக்கானிக் ஷெட்டில் விட்டேன், சாயந்திரமே கொடுத்துவிட்டார்கள், "நம்ம ஊர் வெயிலுக்கு இனிமே ஹீட்டே ஆகாது சார்" என்று உத்தரவாதம் வேறு. உண்மைதான், ஆகவில்லை. மைலேஜ் மட்டும் 14-லிருந்து 11-க்கு இறங்கியது, அதற்கு நான் மெட்ரோ வேலையையும் டிராஃபிக்கையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஏதோ சத்தம் என்று வேறொரு மெக்கானிக்கிடம் போனபோது அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு, என்னைப் பக்கத்து சீட்டில் உட்காரச் சொல்லி, பாட்டை அணைத்து, ஏசியை அணைத்து, இருபது நிமிடம் ஓட்டினார். "இந்தச் சத்தம் காலையில முதல் ஸ்டார்ட்லயா, ஓடிச் சூடான பிறகா?" என்று நடுவில் ஒரே ஒரு கேள்வி. திரும்பி வந்து நிறுத்தியதும் டெம்பரேச்சர் முள்ளைத் தொட்டுக் காட்டினார். "இவ்வளவு ஓடியும் பாதிகூட ஏறலையே சார், வால்வை யாரோ கழட்டிட்டாங்க." கழற்றிப் பார்த்தால் உள்ளே காலி. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் கூலன்ட் எப்போதும் ரேடியேட்டருக்குப் போய்க்கொண்டே இருக்கும், என்ஜின் சரியான சூட்டுக்கு வராது, வண்டியின் கம்ப்யூட்டர் இன்னும் காலை நேரம் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். அதைவிட மோசம், அடைத்துப்போன ரேடியேட்டரை யாரும் கவனிக்கவே இல்லை. சில நூறு ரூபாய் சாமானைக் கழற்றி வீசி நோயை மறைத்து வைத்திருந்தார்கள்.

ஆகவே புது ஷெட்டுக்குப் போனால் பேச்சுவாக்கில் "தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டா நல்லதுன்னு சொல்றாங்களே?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆமா சார், எடுத்துடலாம்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

கம்பெனி சர்வீஸ் சென்டர் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏர்பேக், ஏபிஎஸ், சாவி கோடிங், குறை இருக்கிறது என்று கம்பெனியே அழைத்துச் செய்யும் ரீகால் வேலை, இதற்கெல்லாம் அங்கேதான் போக வேண்டும். ஆனால் அங்கே உங்களிடம் பேசுகிறவர் ஒருவர், வண்டியில் கை வைக்கிறவர் வேறொருவர், அடுத்த வருடம் போனால் இரண்டு பேருமே மாறியிருப்பார்கள். ஆல்டர்னேட்டர் பேட்டரியை சார்ஜ் செய்யவில்லை என்றால் பெரும்பாலும் புதுசு போடச் சொல்வார்கள், ஏனென்றால் பிரித்து வேலை பார்ப்பது அவர்கள் முறையில் இல்லை. வெளியே நல்ல எலக்ட்ரீஷியன் கார்பன் பிரஷ்ஷையும் பேரிங்கையும் மாற்றி ஓட விட்டுவிடுவார். பழைய வண்டியின் செலவு கட்டுக்குள் இருப்பதும் கையை மீறிப் போவதும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான். மல்டிபிராண்ட் செயின்கள் நடுவில் நிற்கின்றன: பில் ஒழுங்காக வரும், ஆயில் சர்வீஸ், வீல் அலைன்மென்ட், ஸ்கேனிங் இதற்கெல்லாம் பரவாயில்லை, ஆனால் அங்கேயும் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

ஷெட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலை நாளில் காலை பதினொரு மணிக்குப் போய் சும்மா ஒரு அரை மணி நேரம் நில்லுங்கள். உங்கள் மாடல் வண்டி இரண்டு மூன்று நிற்கிறதா? கழற்றிய போல்ட்டுகள் ஒரு தட்டில் இருக்கின்றனவா, தரையில் உருள்கின்றனவா? எல்லா வண்டிக்கும் ஒரே டிரம்மிலிருந்து ஆயில் ஊற்றுகிறார்களா? முக்கியமாக, ரேடியேட்டரில் எதை ஊற்றுகிறார்கள் என்று பாருங்கள். வேளச்சேரி, திருவான்மியூர் பக்கம் போர் தண்ணீரின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும், பாத்ரூம் குழாயில் படியும் வெள்ளை உப்புதான் உங்கள் ரேடியேட்டருக்குள்ளும் படியும். கூலன்ட் கேன் கண்ணில் படாத ஷெட் எனக்கு வேண்டாம். அந்தத் தெருவில் மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்பதையும் பக்கத்து டீக்கடையில் விசாரியுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் ஷெட்டுகளில் நின்றிருந்த வண்டிகளும் சேர்ந்துதான் முழுகின.

முதல் தடவையே கிளட்ச், என்ஜின் என்று பெரிய வேலையைக் கொடுக்க வேண்டாம். ஆயில், ஃபில்டர், பிரேக் கிளீனிங் அளவில் ஒன்றைக் கொடுத்து, பழைய சாமானை டிக்கியில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அதைச் சொன்னவுடன் முகம் எப்படி மாறுகிறது என்பதே பாதி பதில். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று அவராகவே கேட்டால் நல்ல அறிகுறி, காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும், நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதனால் கெட்டுப்போகக்கூடிய பழைய ரப்பர் ஃபியூவல் ஹோஸைத் தொட்டுப் பார்க்கிறாரா என்றும் கவனியுங்கள். எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள், ஸ்பேர் தனி, லேபர் தனி.

ஸ்பேர் விஷயத்தில் சென்னைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டருக்கு லூகாஸ் டிவிஎஸ் நம் பாடி ஏரியாவிலேயே இருக்கிறது, பிரேக் சாமானுக்கு பிரேக்ஸ் இந்தியா, ஸ்டியரிங் சாமானுக்கு ரானே, எல்லாம் இந்த ஊர்க் கம்பெனிகள். கார் கம்பெனியின் பெட்டியில் வரும் சாமான் பல நேரம் தயாரித்தவரின் சொந்தப் பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஸ்பேர் கடைகள் வரிசையாக இருக்கும் ஜி.பி. ரோட்டில் பழைய சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரரே ஜோடி பார்த்துக் கொடுத்துவிடுவார். "நானே வாங்கிட்டு வந்தா போடுவீங்களா?" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். "போடறேன், ஆனா சாமானுக்கு நான் பொறுப்பில்லை" என்றால் நியாயமான பதில். ஸ்பேரில் கிடைக்கும் கொஞ்ச லாபமும் அவருக்குப் பிழைப்புதான், அதை நாம் எடுத்துவிட்டு லேபரிலும் பேரம் பேசினால் அடுத்த முறை நம் வண்டி ஓரமாக நிற்கும்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டைக்குப் போகலாம், கதவுக் கைப்பிடி, கண்ணாடி, மிரர், ஸ்விட்ச், லைட், பானெட் வாங்க. பிரேக், பெல்ட், ரப்பர் புஷ், டயர் எதையும் அங்கே தொடாதீர்கள். டைமிங் பெல்ட் உள்ள வண்டி என்றால் இன்னும் கவனம், பல என்ஜின்களில் அது அறுந்தால் என்ஜின் வால்வு வளைந்து என்ஜின் ஹெட்டையே கழற்றும் வேலையில் கொண்டு போய் விடும்.

மாருதி 800, ஜென், சான்ட்ரோ மாதிரி வண்டிகளுக்குத் தெருவுக்குத் தெரு ஆள் உண்டு. ஷெவர்லே 2017-லேயே இந்திய விற்பனையை நிறுத்திவிட்டது, ஃபோர்டு 2021-ல் அறிவித்துவிட்டுத் தயாரிப்பை மூடியது. அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் பக்கம் என்று பார்க்காமல் அந்த மாடலையே வருடக்கணக்காகப் பார்க்கும் ஆளைத் தேடிப் போக வேண்டும், அம்பத்தூரிலிருந்து தாம்பரம் வரை ஓட்ட வேண்டியிருந்தாலும் சரி.

ஒரே ஆள் எல்லாம் செய்கிறேன் என்றால் நம்பாதீர்கள். ஏசிக்கும் வயரிங்குக்கும் தனி ஆள், டிங்கரிங்குக்கு (தகடு வேலைக்கு) இன்னொருவர். நல்ல மெக்கானிக் அவராகவே "அதுக்கு அந்தத் தம்பிகிட்ட போங்க" என்று அனுப்புவார். ஏசியில் லீக் எங்கே என்று பார்க்காமல் கேஸ் மட்டும் அடித்து அனுப்பினால் இரண்டு மாதத்தில் திரும்பப் போவீர்கள். கடற்கரை ஓரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்குக் கதவின் அடியிலும் வீல் ஆர்ச்சிலும் துரு வரும், துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கச் சொல்லுங்கள். அதன் மேலேயே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்குத் தாங்காது.

15 வருடம் ஆகப்போகிறது என்றால் ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பிப்பதையும் சேர்த்து யோசியுங்கள். 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் மட்டுமே 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டிய காருக்கு 2025-ல் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். எஃப்சி (தகுதிச் சான்று) வேலை என்றால் பெயிண்டும் பாலிஷும் போட்டு வண்டியை ஜோடிப்பது என்று நினைக்கும் ஷெட்டுகள் நிறைய. பிரேக், லைட், புகை, ஸ்டியரிங் ஆட்டம் இவற்றில் ஆரம்பிக்கிறவரிடம் கொடுங்கள்.

நான் வருடா வருடம் செப்டம்பரிலேயே வண்டியை வேலைக்கு விட்டுவிடுவேன். ஆயுத பூஜை வந்தால் ஷெட்டைக் கழுவிப் பொட்டு வைப்பதிலேயே இரண்டு நாள் போய்விடும், தீபாவளிக்குப் பையன்கள் ஊருக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று மேஸ்திரிக்கே தெரியாது, அதற்குள் மழை பிடித்துக்கொள்ளும்.