ஹர்லிங்கா, கேலிக் கால்பந்தா? ஒப்பிடும்போது பலரும் சறுக்கும் இடங்கள்

2024 ஜூலை 21 அன்று டப்ளின் குரோக் பார்க்கில் அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதிப்போட்டி முடிந்தபோது பலகையில் இருந்த கணக்கு இது: கிளேர் 3-29, கார்க் 1-34. ஹர்லிங் என்பது மட்டையால் சின்னப் பந்தை அடித்து ஆடும் அயர்லாந்து ஆட்டம்; கிளேரும் கார்க்கும் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அணிகள். இந்த ஆட்டத்தை முன்பின் பார்க்காதவரிடம் கேட்டால் கார்க் ஜெயித்துவிட்டது என்றுதான் சொல்வார். கோப்பையைத் தூக்கியது கிளேர்.

முதல் எண் கோல், அடுத்தது பாயின்ட். கோல் கம்பம் ஆங்கில ‘எச்’ எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கட்டைக்குக் கீழே வலைக்குள் போனால் கோல். அதற்கு 3 பாயின்ட். கட்டைக்கு மேலே இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போனால் 1. அப்படிக் கூட்டினால் கிளேருக்கு 38, கார்க்குக்கு 37. கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஆய்வகத்திலிருந்து நேராக வந்தவர்கள் போல நிற்பவர்கள்தான் அம்பயர்கள். பச்சைக் கொடி ஆடினால் கோல், வெள்ளைக் கொடி ஆடினால் பாயின்ட். பலகையை நிமிர்ந்து பார்ப்பதைவிட இந்தக் கொடிகளைப் பார்த்துப் பழகிக்கொள்வது சுலபம்.

கேலிக் கால்பந்து அயர்லாந்தின் இன்னொரு ஆட்டம். நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை, பந்தைக் கையில் எடுத்தும் ஓடலாம்; இனி ‘கால்பந்து’ என்று சொல்வதெல்லாம் இதைத்தான். இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் ஒரே மாதிரி மைதானம், ஒரே மாதிரி கம்பம், அணிக்குப் பதினைந்து பேர், பெரிய ஆட்டமென்றால் 70 நிமிடம். இரண்டையும் நடத்துவதும் 1884-ல் தர்லெஸ் ஊரில் தொடங்கிய அதே கேலிக் அத்லெட்டிக் அசோசியேஷன்தான். கணக்கு எழுதும் முறைகூட ஒன்றுதான். இவ்வளவு பொதுவாக இருப்பதால்தான் இரண்டையும் ஒரே அளவுகோலில் அளக்கத் தோன்றுகிறது. முதல் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

‘ஹர்லிங்கில் ஸ்கோர் மழை மாதிரி கொட்டுகிறது, அதனால் அதுதான் விறுவிறுப்பு’ என்பது அடிக்கடி கேட்கிற வாதம். நானும் கொஞ்ச நாள் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அதே 2024-ல், கிளேர் ஜெயித்த மறு வாரம் கால்பந்து இறுதிப்போட்டி நடந்தது. ஆர்மா 1-11, கால்வே 0-13. அதுவும் ஒரே பாயின்ட் வித்தியாசம். கூடுதல் நேரம் வரை போன ஹர்லிங்கில் மொத்தம் 67 தடவை கொடி ஆடியது. கால்பந்தில் 25 தடவைதான். 67-ல் ஒன்று தவறினால் ‘ச்சே’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த அரை நிமிடத்தில் இன்னொரு வாய்ப்பு வந்துவிடும். 25-ல் ஒன்று தவறினால் அரங்கமே தலையில் கை வைக்கும். முன்னது அடைமழை, பின்னது எப்போது விழுமோ என்று பார்த்திருக்கிற மழை. நகத்தைக் கடிக்க வைப்பதில் இரண்டும் சளைத்ததில்லை. எண்ணிக்கையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சொல்லப்போனால் ஹர்லிங்கின் பலவீனமே அங்கேதான் இருக்கிறது. பந்து லேசு, மட்டை வலுவு, ஆட்டக்காரர்களும் இரும்பு மாதிரி. எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லாத அடிதான் ‘ஃப்ரீ’. அதை எண்பது மீட்டர் தொலைவிலிருந்து அடித்தால்கூட கட்டைக்கு மேலே போய்விடுகிறது. நல்ல ஃப்ரீ அடிக்கும் ஆள் ஒருவர் அணியில் இருந்தால், எதிரணியின் ஒவ்வொரு ஃபவுலும் ஒரு பாயின்ட் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். பாயின்ட் மலிந்துபோனால் அதன் மதிப்பும் இறங்கிவிடும் என்ற முணுமுணுப்பு ஹர்லிங் ரசிகர்களிடமே உண்டு. துண்டு வீடியோக்களில் இதெல்லாம் தெரியாது. அவற்றில் கோலும், ஓடிக்கொண்டே அடிக்கும் அதிசய அடிகளும் மட்டும்தான் வரும்.

துண்டு வீடியோ பார்த்து முடிவெடுப்பது கால்பந்துக்கு இன்னும் பெரிய அநியாயம். ஏனென்றால் 2025-க்கு முன் எடுத்த வீடியோ என்றால் நீங்கள் பார்ப்பது வேறு ஆட்டம்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2011 ஆகஸ்டில் டப்ளினுக்கும் டோனிகாலுக்கும் நடந்த அரையிறுதியில் முடிவு 0-8, 0-6. எழுபது நிமிடத்தில் பதினான்கே பாயின்ட். டோனிகால் பயிற்சியாளர் ஜிம் மெக்கின்னஸ் ஏறக்குறைய மொத்த அணியையும் தன் கோல் பக்கம் இழுத்துப் போர்வை மாதிரி போர்த்தி வைத்தார். அடுத்த ஆண்டு கோப்பையையே வென்றதால் பாதி நாடு அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பத்து வருடத்துக்கும் மேலாகப் பக்கவாட்டில் கைமாற்றிக் கைமாற்றி, பின்னால் வந்து, மறுபடி கைமாற்றி என்று ஆட்டம் இழுபட்டது. அதற்கும் முன்பே, 2003-ல் டைரோன் ஆடிய விதத்தைப் பார்த்துவிட்டு முன்னாள் கெர்ரி வீரர் பாட் ஸ்பில்லேன் ‘வாந்தி கால்பந்து’ என்று சொன்னது இன்றுவரை ஊர் வாயில் இருக்கிறது.

2025-ல் டப்ளினின் முன்னாள் பயிற்சியாளர் ஜிம் கேவின் தலைமையிலான குழு விதிகளைப் புரட்டிப் போட்டது. இப்போது எந்த நேரத்திலும் ஒவ்வொரு அணியிலும் குறைந்தது மூன்று பேர் எதிரணிப் பாதியில் நிற்க வேண்டும். அதனால் எல்லோரும் பின்னால் போய்க் குவிய முடியாது. கோலிலிருந்து 40 மீட்டரில் ஒரு வளைவு வரைந்தாயிற்று. அதற்கு வெளியிலிருந்து உதைத்துக் கட்டைக்கு மேலே அனுப்பினால் இரண்டு பாயின்ட், அதற்கு ஆரஞ்சுக் கொடி. ஆட்டத்தை மறுபடி தொடங்க கோல்கீப்பர் உதைக்கும் ‘கிக்-அவுட்’டும் அந்த வளைவைத் தாண்டியே ஆக வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்குச் சும்மா தட்டிவிட வழியில்லை. அதனால் நடுமைதானத்தில் நாலைந்து பேர் ஒன்றாக எம்பி ஒரே பந்துக்குக் கை நீட்டும் காட்சி திரும்பி வந்திருக்கிறது. பழைய ஆட்கள் கால்பந்து என்று சொல்லிக் கண்கலங்குவது இதைத்தான்.

அந்த ஆண்டு இறுதியில் கெர்ரி 1-26, டோனிகால் 0-19. தோற்ற டோனிகாலுக்குப் பயிற்சியாளர் அதே ஜிம் மெக்கின்னஸ். பதினான்கு பாயின்ட் எடுத்த ஆட்டமும் நாற்பத்தெட்டு பாயின்ட் எடுத்த ஆட்டமும் ஒரே மனிதரின் கணக்கில்! ஒன்று மட்டும் கவனம்: இப்போது கால்பந்தில் 1-26 என்றால் இருபத்தேழு தடவை கம்பத்தைக் கண்டார்கள் என்று அர்த்தமில்லை, இரண்டு பாயின்ட் அடிகளும் அந்த 26-க்குள் ஒளிந்திருக்கும். ஹர்லிங்கில் அந்தச் சிக்கல் இல்லை. எனவே இன்றைய கால்பந்து ஸ்கோரைப் பழைய கால்பந்து ஸ்கோரோடும் ஹர்லிங் ஸ்கோரோடும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பேசுவது சரிவராது.

சரி, பார்க்கும் கண்ணுக்கு வருவோம்.

ஹர்லிங்கை ஹாக்கி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும். ஸ்லிட்டர் என்கிற அந்தப் பந்து கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்து அளவு. உள்ளே தக்கை, மேலே தோல், தையல் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். எடை 110 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அது தரையில் உருள்வதைவிட வானத்தில் பறக்கும் நேரம்தான் அதிகம். ஆட்டத்தை மறுபடி தொடங்க கோல்கீப்பர் ‘பக்-அவுட்’ அடித்தால் பாதி மைதானத்தைத் தாண்டிப் போய் விழும். பந்தைக் கண்ணால் துரத்திக்கொண்டே இருந்தால் பந்து உங்களை விட்டுப் போய்விடும். அடிப்பவரின் உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டு, விழப்போகும் இடத்துக்குக் கண்ணை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அங்கே அண்ணாந்து நிற்கும் இரண்டு பேரைப் பாருங்கள். ஒருவர் மட்டையை உயர்த்திப் பாதுகாத்துக்கொண்டு மறு கையால் பிடிக்கப் போவார், இன்னொருவர் அந்தக் கையைக் கெடுக்கப் பார்ப்பார். ஆட்டம் அங்கேதான் நடக்கிறது.

இன்னொன்று ‘ஹூக்’. அடிக்கப் போகிறவர் மட்டையைப் பின்னால் ஓங்குகிறார். பின்னாலிருந்து ஓடி வருபவர் தன் மட்டையை ஒற்றைக் கையில் நீட்டி, அந்த வீச்சை நடுவழியில் கொக்கி போட்டுத் தடுத்துவிடுகிறார். ஆளைத் தொடவில்லை, பந்தையும் தொடவில்லை. டிவியில் பார்த்தால் ‘ஏனோ அடி தவறிவிட்டது’ என்றுதான் தோன்றும். அரங்கில் இருந்தால், கோல் அடித்தால் எழும்புகிற கூச்சலில் பாதி அந்த ஹூக்குக்கே எழும்பும். ஆஷ் மரத்து மட்டைகள் மோதிக்கொள்ளும் சத்தமும் அப்படித்தான், ஒலிபெருக்கி வழியாக வந்தால் பாதிதான் வந்து சேரும்.

கால்பந்தில் நிலைமை நேர்மாறு. பந்து பெரிது, கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அங்கே தவறு. பந்து வைத்திருப்பவர் நான்கு காலடிக்கு மேல் அப்படியே ஓடக் கூடாது. தரையில் தட்ட வேண்டும், அல்லது காலால் தட்டித் திரும்பக் கைக்கு எடுக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை தரையில் தட்டவும் கூடாது. அந்தத் தாளத்தில் அவர் வந்துகொண்டிருக்கும்போது, நாற்பது மீட்டர் தள்ளி ஒருவர் தன்னைக் காக்கிறவரை இடப்பக்கம் இழுத்துப்போய்ச் சட்டென்று வலப்பக்கம் வெட்டுவார். உதை அங்கே போகும். உயரத்தில் உட்கார்ந்தால் இது வரைபடம் போலத் தெரியும்.

ஆகவே இருக்கையிலும் ஒரே அளவுகோல் உதவாது. ஹர்லிங்குக்குக் கீழ்த்தட்டில், பக்கவாட்டுக் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் கிடைக்குமோ அவ்வளவு நல்லது. கால்பந்துக்கு மேல்தட்டு. வீட்டில் டிவியில்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால், ஹர்லிங் பைத்தியங்கள் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை, கால்பந்தில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். காமிராவுக்கு அந்தப் பந்து பிடிபடும்.

மட்டையைச் சுழற்றுவதைப் பார்த்துவிட்டு ‘இது விளையாட்டா, சிலம்பச் சண்டையா’ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 2010-லிருந்து எல்லா ஆட்டக்காரருக்கும் தலைக்கவசம் கட்டாயம். அதைவிட முக்கியம், சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம்: மட்டை ஓங்குகிறவரிடமிருந்து விலகாதே, நெருங்கிப் போ. வீச்சின் நுனியில்தான் வேகம். உடம்போடு உடம்பாக ஒட்டினால் அடி விழாது. முரட்டுத்தனமாகத் தெரிவது பாதிக்குமேல் தற்காப்பு.

ஹர்லிங்கில் இடைவேளை ஸ்கோரை நம்பிப் பேசாதீர்கள். 2025 இறுதிப்போட்டியில் இடைவேளைக்கு கார்க் 1-16, டிப்பரேரி 0-13. ஆறு பாயின்ட் முன்னிலை, கார்க் ரசிகர்கள் கோப்பைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பாதியில் கார்க் எடுத்தது இரண்டே பாயின்ட். டிப்பரேரி 3-14. முடிவில் பதினைந்து பாயின்ட் வித்தியாசத்தில் தோல்வி. ஆறு பாயின்ட் என்பது இரண்டு கோல், அவ்வளவுதான்.

ஊரை மறந்துவிட்டு ஒப்பிடுவதும் தவறு. கில்கென்னியில் போய்க் கால்பந்தைப் பற்றிப் பேசினால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். 36 முறை ஹர்லிங் கோப்பை வென்ற கவுண்டி அது. கெர்ரியில் அதே மாதிரி கால்பந்துதான் எல்லாம், அங்கே 39 கோப்பை. இரண்டிலும் கால் வைத்திருக்கும் கார்க் 1990-ல் இரண்டு கோப்பையையும் ஒரே ஆண்டில் வென்றது. டெடி மெக்கார்த்தி இரண்டு அணியிலும் ஆடினார். எந்த ஆட்டம் சிறந்தது என்று ஒருவர் சத்தியம் செய்தால், முதலில் அவர் எந்தக் கவுண்டி என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அங்கே வீரர்களை விலைக்கு வாங்கும் பேச்சு கிடையாது, சம்பளமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடியவர் வார நாளில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். தொழில்முறை லீகுகளைப் பார்த்துப் பழகிய வாயோடு அவரைத் திட்ட ஆரம்பித்தால், பக்கத்து இருக்கையில் அவர் அம்மா இருக்க வாய்ப்பு அதிகம். இரு அணி ரசிகர்களையும் பிரித்து உட்கார வைக்கும் வழக்கமும் அங்கே இல்லை.

கடைசியாக, மாதம். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு இறுதிப்போட்டி பார்க்க செப்டம்பரில் டப்ளினுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022-லிருந்து கவுண்டி ஆட்டங்கள் எல்லாம் ஜூலையோடு முடிந்துவிடுகின்றன. என்னைக் கேட்டால் இறுதிப்போட்டியைக்கூட விட்டுவிடலாம், அதற்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. மே மாதத்தில் மன்ஸ்டர் (அயர்லாந்தின் தெற்கு மாகாணம்) ஹர்லிங் சுற்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்லெஸ் செம்பிள் ஸ்டேடியத்துக்கோ லிமரிக்குக்கோ போய்விடுங்கள். ஐந்து கவுண்டிகள், மேலே போவது மூன்றுதான், அதனால் சும்மா ஆடுகிற ஆட்டமே இருக்காது.

செப்டம்பரில்தான் போக முடியும் என்றாலும் கவலையில்லை. அது ஊர் கிளப்புகளின் காலம். ஜூலையில் கோப்பைக்கு ஆடியவர்களே அப்போது தங்கள் ஊர்ச் சட்டையில் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள். இடைவேளையில் தேநீருக்குப் போய்விடாதீர்கள். பொடியன்கள் மட்டையோடு மைதானத்துக்குள் ஓடுவார்கள். ஆட்டத்தில் தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது என்பது விதி. எட்டு வயசுப் பையன் ஓடுகிற ஓட்டத்தில் மட்டையின் நுனியைப் பந்துக்கடியில் செருகி, சுண்டி, கைக்குக் கொண்டுவருவதை வேலியோரம் நின்று பாருங்கள்.