தூக்கிய ஜீப் வளைந்துகொடுக்காது: கமான் பட்டையில் கைவைக்கும் முன்

ஜவ்வாது மலையில் புளி மூட்டையும் சாமை மூட்டையும் ஆட்களும் ஏற்றி ஓய்ந்துபோன எம்எம் 540 ஜீப் ஒன்றை வாங்கி வேலூருக்கு ஓட்டிவந்தேன். வாங்கிய மாதமே ஒடுகத்தூர்ப் பக்கம் ஓர் ஓடையைக் கடக்கும்போது வண்டி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் இடது முன் சக்கரம் ஒரு பாறைமேல் ஏறியிருந்தது. வலது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் தரையைத் தொடாமல் ராட்டினம்போலச் சுற்றின. பிடிப்போடு இருந்த மற்ற இரண்டு சக்கரங்களும் அசையவில்லை. ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பங்கிடும் சாதாரண டிஃபரென்ஷியல் அப்படித்தான் நடந்துகொள்ளும். எந்தச் சக்கரம் எளிதாகச் சுற்றுகிறதோ அதற்கே சுழற்சியைக் கொடுத்துவிடும். நான்கு சக்கர இழுவை இருந்தாலும் முன் அச்சில் ஒன்றும் பின் அச்சில் ஒன்றும் அந்தரத்தில் நின்றால் கதை முடிந்தது.

ஒரு சக்கரம் பாறையில் ஏறும்போது எதிர்ச் சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தரையைப் பற்றியிருக்க வேண்டும். இதைத்தான் ஆர்ட்டிகுலேஷன் என்கிறார்கள். நான் சக்கர ஏற்றிறக்கம் என்று சொல்லிக்கொள்கிறேன். அது போதவில்லை என்று தெரிந்ததும் நான் செய்த காரியம், புதிதாக ஜீப் வாங்குகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்வதுதான்: வண்டியைத் தூக்கினேன்.

உயரம் வேறு, வளைவு வேறு. இது மண்டையில் ஏற எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அடிப்பாகம் பாறையில் இடிக்காமலிருக்கவும் பெரிய டயர் போடவும் உயரம் உதவும். ஆனால் கமான் என்கிற, அச்சைத் தாங்கும் எஃகுப் பட்டை ஸ்பிரிங் கட்டில் இன்னொரு பட்டையைச் செருகி உயர்த்தினால் அது விறைத்துப்போகும். முன்பு தரையைத் தொட்ட சக்கரம்கூட இப்போது தொடாது. என் ஜீப்பில் முந்தைய சொந்தக்காரர் மூட்டை தாங்குவதற்காக ஏற்கெனவே மூன்று பட்டைகள் கூடுதலாகப் போட்டிருந்தார். அவருடைய பிழைப்புக்கு அது சரி. காலி வண்டியைப் பாறையில் ஏற்றிப் பார்க்கும் எனக்கு அது கட்டைமேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் இறங்கும். 6 மில்லிமீட்டர்ப் பட்டைக்குப் பதில் அதே நீள அகலத்தில் 8 மில்லிமீட்டர்ப் பட்டை போட்டால் விறைப்பு கிட்டத்தட்ட 2.4 மடங்கு. 12 மில்லிமீட்டர் போட்டால் எட்டு மடங்கு. லாரியின் உடைந்த கமானிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஜீப்புக்குப் போடுகிறவர்கள் இந்த எட்டு மடங்கை நினைத்துப் பார்ப்பதில்லை. நீளத்தில் இதன் மறுபக்கம் தெரியும். கமானின் நீளத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் விறைப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைகிறது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் தடித்த பட்டை நாலு போடாமல் மெல்லிய பட்டை ஏழெட்டு போடுகிறார்கள். முடிந்தால் கமானின் முனையைச் சேஸிஸில் பிடித்திருக்கும் தொங்கலை நகர்த்தி நீளமான கமானுக்கு இடம் செய்கிறார்கள்.

அப்படியென்றால் பட்டைகளை உருவி எடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கீழிருந்து கைக்கு எட்டிய இரண்டை உருவினேன். எட்டு வாரத்தில், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் நீளமான மெயின் பட்டை நடுத்துளைக்கு ஒரு விரற்கடை தள்ளி முறிந்தது. முறிந்த முகத்தைப் பார்த்தால் பாதிக்குமேல் துரு, மீதி புதிதாய்ப் பளபளப்பு. முதல் நாளே விரிசல் விழுந்து, தண்ணீர் புகுந்து, கடைசியில் ஒரு குழியில் விட்டிருக்கிறது. கமான் கட்டில் ஒவ்வொரு பட்டையும் மேலே உள்ளதைவிடப் படிப்படியாகக் குட்டையாக இருப்பது அழகுக்காக அல்ல. படி ஒன்று விடுபட்டால் வளைவு முழுவதும் அந்த ஓரிடத்தில் வந்து குவிகிறது. எடுக்கத்தான் வேண்டுமென்றால் மீதிப் பட்டைகளின் நீளம் சீராக இறங்குகிறதா என்று அடுக்கிப் பார்த்து எடுங்கள். மெயினுக்கு அடுத்த இரண்டாம் பட்டையைத் தொடவே தொடாதீர்கள். மெயின் பட்டையின் முனையில் வளையமாகச் சுருண்டிருக்கும் கண் முறிந்தால் அச்சைப் பிடித்து வைப்பது அதுதான்.

பட்டறையில் பாய் ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளாக லாரிக் கமான் கட்டுகிறவர். முறிந்த பட்டையைத் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, இதை யாராவது கேஸில் சூடு காட்டினார்களா?" என்றார். காட்டியிருந்தார்கள். வளைவைக் கூட்டுவதற்காக நான்தான் சொல்லிச் செய்யவைத்திருந்தேன். கமான் எஃகு சிலிக்கனும் மாங்கனீசும் கலந்தது. எண்ணெயில் குளிரவைத்து, பிறகு அளவான சூட்டில் பதப்படுத்தப்பட்டது. அந்தப் பதம்தான் அதன் உயிர். கேஸ் சுடரை ஓரிடத்தில் காட்டியதும் அந்த இடம் மட்டும் மென்மையாகிவிடும், அல்லது சட்டென்று குளிர்ந்து கண்ணாடிபோல உடையும். வளைவு கொடுக்க வேண்டுமென்றால் சூடில்லாமல் பிரஸ்ஸில் வைத்து அழுத்த வேண்டும், இல்லையேல் பட்டை முழுவதையும் உலையில் ஏற்றி மறுபடி பதம் பிடிக்க வேண்டும். பட்டைமேல் வெல்டிங் வைப்பதும் இதே பாவம்தான்.

வளைவை அதிகமாகக் கூட்டுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதிகம் வளைந்த கமானின் இரு கண்களுக்கும் இடையிலுள்ள தூரம் சுருங்கும். கமானின் ஒரு முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பான ஷேக்கிள் உள்பக்கமாக இழுபடும். சக்கரம் கீழே தொங்கும்போது கமான் இன்னும் சுருங்குமே, அதற்கு ஷேக்கிளில் இடம் எங்கே இருக்கும்? சேஸிஸில் முட்டி நின்றுவிடும். சில சமயம் மறுபக்கம் புரண்டு பூட்டிக்கொள்ளும்.

ஷேக்கிள் என்றதும் நினைவுக்கு வருகிறது, நீளமான ஷேக்கிள் போடுவதுதான் இந்தப் பக்கத்தில் மலிவான வித்தை. 50 மில்லிமீட்டர் நீட்டினால் வண்டி 50 மில்லிமீட்டர் உயரும் என்று நினைக்கிறார்கள். ஒரு முனையைத்தானே உயர்த்துகிறோம். நடுவில் இருக்கும் அச்சில் கிடைப்பது பாதி, 25. அந்த 25-க்குக் கொடுக்கும் விலை அதிகம். பழைய ஜீப்பிலும் மாருதி ஜிப்சியிலும் முன் ஷேக்கிள் பம்பர் பக்கம் இருக்கிறது. அதை நீட்டினால் முன் அச்சு முன்புறமாகச் சாயும். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் ஓரளவு நேராகப் போகிறது. ஜீப்பின் முன் சக்கரத்துக்கும் அந்தச் சாய்வுண்டு, கேஸ்டர் என்பார்கள். அது குறைந்தால் தேசிய நெடுஞ்சாலையில் அறுபதைத் தாண்டும்போது ஸ்டீயரிங் நாய் மோப்பம் பிடிப்பதுபோல இடமும் வலமும் தேடும். எஃகு ஆப்பு வைத்துத் திருத்தலாம். அலுமினிய ஆப்பு நசுங்கும். ஆனால் ஆப்பு வைத்தால், சுழற்சியை முன் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அச்சுக்கு அடியில் இருக்கும் கமானை அச்சுக்கு மேலே மாற்றுவது பெரிய வேலை, ஆனால் நேர்மையான வேலை. தட்டையான மெல்லிய கமானை வைத்துக்கொண்டே உயரம் கிடைக்கும். செய்கிறவர்கள் தவறுவது மூன்று இடங்களில். கமான் உட்காரும் மேடையை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே வெல்டிங் செய்துவிடுகிறார்கள். எடை தரையில் இறங்கிய பிறகு கோணம் பார்த்துப் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, ஷாஃப்ட் சரியாக இருக்கிறதென்று உறுதியானபின்தான் முழுதாக வெல்டிங் செய்ய வேண்டும். அடுத்தது, அடியில் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் தண்டு. அது மிகவும் சாய்ந்துவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானாகத் திரும்பும். மூன்றாவது, முதல் கியரில் மிதித்தவுடன் அச்சு முறுக்கிக்கொண்டு கமான் எஸ் வடிவில் நெளிவது. அந்த நெளிவில் முதலில் போவது ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ். நெளிவைத் தடுக்க ஒரு தண்டை அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையில் இறுக்கமாக வைத்து வெல்டிங் செய்து, சக்கர ஏற்றிறக்கத்தையே பூட்டிவிட்ட வண்டியையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்டின் ஒரு முனை ஷேக்கிள்போல ஆட வேண்டும்.

சின்ன விஷயங்கள் சில. கமானின் கண்ணுக்குள் போடும் புஷ் விறைப்பான யூரித்தேனாக இருந்தால் தார்ச் சாலைக்கு நல்லது; ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும்போது கமானின் கண் முறுக வேண்டும், அதற்கு ரப்பர்தான் இடம் கொடுக்கும். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போது இறுக்குங்கள், தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே கிடந்து கிழியும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பை முழுவதும் கழற்றி எறியாதீர்கள், தளர்வாக விடுங்கள். பட்டைகளுக்கு இடையில் கிரீஸை அப்பிவிட்டுப் பாலாற்று மணலில் இறங்கினால் இரண்டு நாளில் அது உப்புத்தாளாகிவிடும். பட்டை நுனிகளில் நைலான் துண்டு வைப்பது மேல். பழைய டியூபை வெட்டி வைக்காதீர்கள், ரப்பர் வழுக்காது, பற்றிக்கொள்ளும்.

இனிச் சொல்லப்போவதில் மட்டும் சமரசம் வேண்டாம். கமான் நன்றாக வளையத் தொடங்கியதும், அதுவரை யாரும் கவனிக்காத பொருள்கள் எல்லை போடத் தொடங்கும். பாயின் பட்டறை முற்றத்தில் பின் ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டு, வலது பின் சக்கரத்தைக் கருங்கல் அடுக்கின்மேல் ஏற்றினோம். இடது பின் சக்கரம் அழகாகத் தொங்கியது. நான் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பாய் குனிந்து அடியில் கையைவிட்டார். "பாய், எப்படி இறங்குகிறது பார்த்தீர்களா?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து ஒன்றைத் தொடவைத்தார். சேஸிஸிலிருந்து பின் அச்சுக்கு வரும் பிரேக் ஹோஸ். வீணைத் தந்திபோல விறைத்திருந்தது. இன்னும் இரண்டு விரல் இறங்கியிருந்தால் முனை பிய்ந்திருக்கும். மலை இறக்கத்தில் அது நடந்திருந்தால் என்னவென்று அவர் விளக்கவில்லை.

ஆகவே ஷாக் அப்சார்பர் வாங்கும் முன் இப்படிக் குறுக்காக ஏற்றி, மேல் கண்ணுக்கும் கீழ்க் கண்ணுக்கும் இடையிலுள்ள தூரத்தை முழுவதும் அழுந்தியபோதும் முழுவதும் தொங்கியபோதும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். குட்டையான ஷாக் சக்கரத்தைத் தொங்கவிடாது. கடைசியில் அதன் கண் பிடுங்கிக்கொள்ளும். நெட்டையானது அழுந்தும்போது அடியில் முட்டி உடையும். அதற்கு முன்பே, அச்சு மேலே ஏறுவதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் தொட வேண்டும். அதே நிலையில் பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், அச்சின் காற்றுக் குழாய், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் வழுக்கு முனை எவ்வளவு வெளியே வந்திருக்கிறது, டயர் எங்கே உரசுகிறது எல்லாவற்றையும் பாருங்கள்.

எவ்வளவு முன்னேறியது என்பதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். 20 டிகிரி சரிவில் ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஏற்றுங்கள். மற்ற மூன்றில் ஒன்று தரையை விடப்போகும் நொடியில் நிறுத்துங்கள். சரிவில் ஏறிய தூரத்தைச் சக்கர இடைநீளத்தால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். இடைநீளம் 2375 மில்லிமீட்டர் கொண்ட ஜிப்சி 1000 மில்லிமீட்டர் ஏறினால் 421. வேலைக்கு முன்னும் பின்னும் இந்த எண்ணை எழுதிவைத்தால், செலவழித்தது எங்கே போனதென்று தெரியும். பின்பக்கத்தை மட்டும் மென்மையாக்கி முன்பக்கத்தை அப்படியே விட்டவர்களின் எண் பெரும்பாலும் ஏமாற்றும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் இதைத்தான் முதலில் கேட்பார். எதையும் வெட்டி ஒட்டும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அமிர்தி, ஜவ்வாது காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தனிக் குற்றம். சோதித்துப் பார்க்கப் பட்டறை முற்றமும் கருங்கல்லும் போதும்.

என் ஜீப்பில் இப்போது கூடுதல் பட்டைகள் இல்லை, ஷேக்கிள் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது, பிரேக் ஹோஸ் புதிது. கமானை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகளையும் புதிதாகவே போட்டோம். ஒருமுறை இறுக்கி நீண்ட யூ போல்ட்டை மறுபடி நம்பக் கூடாது என்பது பாயின் கட்டளை. ஒவ்வொரு நட்டின் மேலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். ஒடுகத்தூர் போய்த் திரும்பினேன். முறுக்குச் சாவியை வைத்து இழுத்தபோது பதினாறு நட்டுகளில் ஐந்து, கோட்டைத் தாண்டிக் கால் சுற்று இறங்கின.