சட்டைப்பைக்குள் அடங்கும் கமரா: வாங்குவதற்கு முன்னும் பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறவருக்கும், நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகில் போகிறவருக்கும், மாலையில் உப்புவெளிக் கடற்கரையில் குடும்பத்தோடு நடக்கிறவருக்கும் பெரிய கமராவும் அதற்குரிய லென்ஸ்களும் சுமைதான். சட்டைப்பைக்குள் அடங்குகிற மெல்லிய டிஜிட்டல் கமரா ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும் என்று திருகோணமலையில் பலர் எண்ணுவதற்கு அதுவே காரணம். எண்ணம் நியாயமானது. ஆனால் கமராவை மெல்லியதாக்குவதற்கு அதன் தயாரிப்பாளர் ஒளியைப் படமாக மாற்றும் சென்சரின் பரப்பிலோ, லென்ஸ் உள்வாங்கும் ஒளியிலோ, பற்றரியின் கொள்ளளவிலோ, பொறியின் உறுதியிலோ எதையாவது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எதை விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று பாராமல் வாங்குவதும், அந்த இடத்திலேயே கமராவிடம் அதிகம் எதிர்பார்ப்பதும்தான் கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவற்றின் வேர்.

பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து வாங்குவது முதல் தவறு. எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் படம் ஒன்றை ஸ்டூடியோவில் நல்ல தரத்தில் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 86 இலட்சம் பிக்சல்களே போதும். அதற்கு மேற்பட்ட எண்ணிக்கை சிறிய சென்சரில் பெரும்பாலும் விளம்பரத்துக்குத்தான் உதவுகிறது. கேட்க வேண்டிய கேள்வி சென்சரின் அளவைப் பற்றியது. மலிவான மெல்லிய கமராக்களிலும் நீண்ட சூம் கொண்ட பயணக் கமராக்களிலும் இருப்பது 1/2.3 அங்குல வகை. அதன் உண்மை அளவு ஏறத்தாழ 6.2 × 4.6 மில்லிமீற்றர், அதாவது சுண்டுவிரல் நகத்திலும் சிறியது. சோனி 2012இல் வெளியிட்ட ஆர்எக்ஸ்100 போன்ற விலை கூடிய கமராக்களில் இருப்பது 1 அங்குல வகை, 13.2 × 8.8 மில்லிமீற்றர். பழைய தொலைக்காட்சிக் கமராக் குழாய்களின் வெளிவிட்டத்தைக் கொண்டு வழங்கிவந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டதால், ‘1 அங்குல’ சென்சரில் எந்தப் பக்கத்தை அளந்தாலும் ஓர் அங்குலம் வராது. எனினும் பரப்பைக் கணக்கிட்டால் அது முன்னையதைவிட நான்கு மடங்கு பெரியது, மங்கலான ஒளியில் இந்த நான்கு மடங்கு படத்தில் தெளிவாகவே தெரியும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, கமரா என்ற பெயர் இருந்தாலே அது கைபேசியைவிட நல்ல படம் தரும் என்று நம்புவது. இன்றைய விலையுயர்ந்த கைபேசிகள் பலவற்றின் பிரதான கமராவில் 1/1.3 அங்குல அளவுள்ள சென்சர்கள் இருக்கின்றன. அவை பல படங்களை ஒரே நொடிக்குள் எடுத்து ஒன்றாக்கித் தருகின்றன. அப்படியொரு கைபேசியை வைத்திருப்பவர், 1/2.3 அங்குலச் சென்சர் உள்ள மலிவான கமராவை இரவுப் படங்களுக்காக வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம். அவருக்கு அக்கமராவில் உண்மையாகக் கிடைக்கும் இலாபம் ஒளியியல் சூம் ஒன்றே.

அந்தச் சூமையும் அளவறிந்து நம்ப வேண்டும். பிரட்றிக் கோட்டைக்குள் மர நிழலில் மேயும் புள்ளிமான்களைப் பொழுதுபடும் வேளையில் எடுப்பதை எண்ணிப் பாருங்கள். கனன் எஸ்எக்ஸ்740 எச்எஸ் போன்ற 40 மடங்கு சூம் கமராவில், ஒளி நுழையும் துவாரம் அகலக் கோணத்தில் எஃப் 3.3 ஆக இருந்து, சூம் முழுவதும் நீளும்போது எஃப் 6.9 ஆகச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சிறிதாகும்). உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்குக்கும் சற்றே குறைவு. அந்த இழப்பை ஈடுசெய்யக் கமரா தானாகவே ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600க்கும் 3200க்கும் உயர்த்தும். அதனால் எழும் புள்ளி இரைச்சலை மென்பொருள் துடைத்தெடுக்கும். துடைக்கும்போது மானின் மயிரும் சேர்ந்து துடைபட்டு, உடலெங்கும் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். இவ்வளவுக்கும் கோட்டை மான்கள் ஆட்களுக்குப் பழகியவை. ஓசைப்படாமல் சில அடிகள் கிட்டப்போய் அகலக் கோணத்திலேயே எடுத்தால், அதே கமரா முற்றிலும் வேறான படத்தைத் தரும். டிஜிட்டல் சூமைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதே, அமைப்புப் பட்டியலில் அதை நிறுத்திவிடலாம்.

லென்ஸின் முகப்பில் ‘1.8–4.9’ என்று எழுதியிருந்தால் முதல் எண்ணை மட்டும் வாசிக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. முதல் ஆர்எக்ஸ்100இல் எஃப் 1.8 கிடைப்பது 28 மில்லிமீற்றர் என்ற அகலக் கோணத்தில் மாத்திரம். 100 மில்லிமீற்றர் வரை நீட்டினால் அது எஃப் 4.9 ஆகி, ஒளி ஏழு மடங்குக்கு மேல் குறைந்துவிடும். கோயில் மண்டபத்துக்குள்ளோ திருமண வீட்டிலோ எடுப்பவர் சூமைத் தொடாமல் காலால் நடந்து நெருங்குவதே நல்லது. பெரிய கமராவில் பழகியவர்கள் செய்யும் தவறு இதற்கு மறுபுறத்தில் இருக்கிறது. துறைமுகக் காட்சி முழுவதும் கூர்மையாக வரவேண்டும் என்று பழைய பழக்கத்தில் எஃப் 11ஐத் தெரிவுசெய்கிறார்கள். 1 அங்குலச் சென்சரில் எஃப் 4 தருகிற கூர்மையின் ஆழம், பெரிய சென்சர் கொண்ட முழுச்சட்டகக் கமராவின் எஃப் 11க்கு ஏறத்தாழச் சமம். அதற்கும் மேலே துவாரத்தைச் சுருக்கினால் ஒளி விளிம்புகளில் வளைந்து பரவுவதால் படம் மென்மையாகிவிடும். இதே கணக்கின் மறுபக்கம், பின்னணியை உருக்கி முகத்தை மட்டும் எடுத்துக்காட்டும் படங்களை இந்தக் கமராக்களிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது என்பது.

நமது ஊரைப் பொறுத்தவரை மேற்சொன்னவை எல்லாம் சிறு தவறுகள். கமராவைக் கொல்லும் தவறு மணலில் நிகழ்கிறது.

மெல்லிய கமராவை இயக்கும்போது அதன் லென்ஸைக் கிட்டப் பாருங்கள். முன்னால் மூடியிருந்த இரண்டு மெல்லிய தகடுகள் விலக, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருந்த இரண்டு மூன்று குழல்கள் வழுக்கிக்கொண்டு வெளியே வருகின்றன. குழலுக்கும் குழலுக்கும் இடையில் மயிரிழை அளவு இடைவெளி உண்டு; அதை நீர் புகாதபடி அடைக்கும் ரப்பர் பெரும்பாலானவற்றில் இல்லை. அவற்றை நகர்த்துவது மிகச் சிறிய மோட்டாரும் பிளாஸ்டிக் பற்சக்கரங்களும். ஒரு மணல் பரல் அந்த இடைவெளிக்குள் விழுந்துவிட்டால் குழல் பாதியில் நின்று, திரையில் லென்ஸ் பழுது என்ற செய்தி தோன்றும்; அதன்பின் கமரா நீளவும் மாட்டாது, மடங்கவும் மாட்டாது. அதைக் கையால் அழுத்தி உள்ளே தள்ளப் பார்ப்பது அடுத்த தவறு, ஏனென்றால் அதுவரை பிழைத்திருந்த பற்சக்கரமும் அப்போதுதான் உடைகிறது. திருத்தகத்தில் கேட்டால் லென்ஸ் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்பார்கள், அந்தச் செலவுக்குப் பழைய கமராவொன்றையே வாங்கிவிடலாம்.

ஆகவே கடற்கரைக்குக் கொண்டுபோன கால்சட்டைப் பையில் கமராவை வெறுமனே போட்டுக்கொள்ளக் கூடாது. பையின் அடியில் சென்ற கிழமையின் மணல் எப்போதும் இருக்கும். போதாததற்கு, பைக்குள்ளேயே பொத்தான் அமுங்கி லென்ஸ் வெளியே வர முயன்று துணியில் முட்டிக்கொண்டு பல் உடைந்த கமராக்களும் உண்டு. சிறிய சிப் பை ஒன்று இரண்டுக்கும் காப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் கண்ணுக்குத் தெரியாமலே பறக்கும். அப்போது காற்றுக்கு முதுகு காட்டி நின்று கமராவை இயக்குவதும், எடுத்து முடிந்தவுடன் மூடிவிடுவதும் நல்ல பழக்கங்கள். மணல் பட்டுவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் கமராவை இயக்காமல் முகப்பைக் கீழ்நோக்கிப் பிடித்து, கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் குமிழால் ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். அமுக்கக் காற்று அடித்தால் பரல் இன்னும் உள்ளே போகும். லென்ஸ் மாற்ற முடியாத கமராவின் சென்சரில் தூசி படியாது என்ற நம்பிக்கையும் பிழையானது. ஒவ்வொரு முறை நீளும்போதும் குழல்கள் வெளிக்காற்றை உள்ளே இழுக்கின்றன. உள்ளே போன தூசியை, கமராவைப் பிரிக்காமல் எவராலும் துடைக்க முடியாது. படத்தரத்தில் மிக உயர்வாகப் பேசப்படும் ரிக்கோ ஜிஆர் வரிசைக்கும் இந்தக் குறை உண்டு.

ஈரத்தின் கதை இதைவிட மெதுவானது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்று மழையில் அலுமாரிக்குள் கமராவைத் தோல் உறையோடு அடைத்துவைப்பவர்கள், தை மாதத்தில் திறந்து பார்க்கும்போது லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சணம் படர்ந்திருப்பதைக் காண்கிறார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், இருட்டு பூஞ்சணத்துக்கு உவப்பானது. காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்றும், நிறம் மாறிக்காட்டும் சிலிக்கா ஜெல்லும், கிழமைக்கு ஒருமுறை கமராவை வெளியே எடுத்துப் பாவிப்பதும் போதும். குளிரூட்டிய ஹோட்டல் அறையிலிருந்து விடியற்காலையில் நேரே கடற்கரைக்கு ஓடுபவர்களுக்கு வேறொரு தொல்லை: குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிந்து, கிழக்குக் கடலில் சூரியன் எழும் அந்தச் சில நிமிடங்களும் புகைமூட்டமாகவே போய்விடும். அறையிலேயே கமராவைப் பொலித்தீன் பைக்குள் இட்டுக் கட்டி, வெளியே வந்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் திறந்தால் ஈரம் பையின்மேல் படியும், கமராவில் படியாது.

புறாத்தீவுப் பவளப்பாறைகளின்மேல் மிதந்தபடி படம் எடுக்கும் ஆசையில், சாதாரண மெல்லிய கமராவை மலிவான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நீரில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வேலைக்கென்று லென்ஸ் வெளியே நீளாத, முழுவதும் அடைக்கப்பட்ட கமராக்கள் இருக்கின்றன. ஒலிம்பஸ் டிஜி-6 உறை இல்லாமலே 15 மீற்றர் ஆழம் தாங்கும். அதிலும் பற்றரிக் கதவின் ரப்பரில் ஒரு மயிரோ மணலோ இருந்தால் நீர் புகும், எனவே படகில் ஏறுமுன் அதைத் துடைத்துப் பார்க்க வேண்டும். சாதாரணக் கமரா கடலில் விழுந்துவிட்டால், வேலை செய்கிறதா என்று பார்க்க இயக்குவதுதான் ஆகக் கெட்ட தவறு. மின்சாரமும் உப்புநீரும் சேர்ந்து சுற்றுப்பலகையை அப்போதே அரிக்கத் தொடங்கும். உடனே பற்றரியைக் கழற்றிவிட்டுத் திருத்துபவரிடம் கொண்டுபோக வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பது உப்பை அகற்றாது, அரிசித் தூள்தான் உள்ளே போகும்.

பற்றரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். உடல் மெலிந்தால் பற்றரியும் மெலியும். ஒருமுறை மின்னேற்றினால் 200 முதல் 260 படங்கள் என்பது இந்த வகையில் வழமையான கணக்கு, வீடியோ எடுத்தால் அதுவும் இல்லை. மேலதிகப் பற்றரி ஒன்றை கமராவோடு சேர்த்தே வாங்குங்கள். நீண்ட நேர வீடியோ வேண்டுவோர் வேறு கருவியை நாடுவது நல்லது, ஏனெனில் சிறிய உடலுக்கு வெப்பத்தை வெளியேற்ற வழியில்லை. 2015இல் வந்த ஆர்எக்ஸ்100இன் நான்காம் பதிப்பு 4கே வீடியோவை ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பதியாது. நண்பகல் வெயிலில் பின்திரை தெரியாது என்பதையும் கடையின் நிழலில் எவரும் யோசிப்பதில்லை. கண்ணோடு வைத்துப் பார்க்கும் சாளரம் உள்ள கமராவுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பது நம் ஊர் வெயிலுக்குத் தகும். பிளாஷின் வீச்சு மூன்று நான்கு மீற்றர்தான். இரவுத் திருவிழாவில் தூரத்து வாகனத்தை நோக்கி அதை அடிப்பவருக்கு முன்வரிசைத் தலைகள் மட்டுமே வெள்ளையாகக் கிடைக்கும். கோணேசர் கோயில் மலையிலுள்ள இராவணன் வெட்டின் விளிம்பில் நின்று எடுப்பவர்களுக்கு மணிக்கட்டு வார் அவசியம். வியர்த்த கையில் மெல்லிய கமரா சவர்க்காரக் கட்டிதான். கோட்டை இராணுவம் இருக்கும் இடம், துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது. கமரா சிறியதென்பதால் அங்குள்ள தடைகள் சிறியவை ஆகிவிடா.

அண்மைக் காலத்தில் இளையோர் சிசிடி என்ற முந்தைய வகைச் சென்சர் கொண்ட 2000களின் பழைய கமராக்களைத் தேடித்தேடி வாங்குகிறார்கள். அந்த நிறங்களில் எனக்கும் விருப்பம் உண்டு, ஆனால் கேட்கப்படும் விலைகள் பல வேளைகளில் நியாயத்தைத் தாண்டிவிட்டன. 2010இல் உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட லென்ஸ் பொருத்திய சிறிய கமராக்கள், 2023இல் இருபது இலட்சத்தையும் எட்டவில்லை. உதிரிப்பாகம் கிடைப்பது ஏன் அரிது என்பதற்கு அதுவே விளக்கம். வாங்கி வந்த கமராவில் புதிய 32 ஜிபி மெமரி காட்டைப் போட்டு, அது வாசிக்கவில்லை என்று கமராவைப் பழுதென்று நினைப்பவர்கள் பலர். கூடிய கொள்ளளவுள்ள காட்டுகளுக்கான எஸ்டிஎச்சி முறை 2006இல்தான் வந்தது; அதற்கு முந்திய கமராக்கள் பெரும்பாலும் 2 ஜிபிக்கு மேற்பட்ட காட்டை ஏற்கா. ஒலிம்பஸ், புஜி கமராக்கள் சிலவற்றுக்கு 2002இல் வந்து பின்னர் மறைந்துபோன எக்ஸ்டி காட் வேண்டும், அதைத் தேடி அலைவது தனி வேலை. பற்றரி வீங்கியிருந்தால் அதை மின்னேற்றவே கூடாது.

பழையதை வாங்குவதானால் விற்பவர் முன்னிலையிலேயே சூமைப் பலமுறை முழுவதும் நீட்டி மடக்கி, கரகரப்பு ஒலி வருகிறதா என்று கேளுங்கள். கைபேசி விளக்கை லென்ஸுக்குள் அடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் துவாரத்தை இயன்றவரை சுருக்கி வெள்ளைச் சுவரொன்றைப் படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி மூலைமூலையாக நகர்த்துங்கள். ஒரே இடத்தில் அடுத்தடுத்த படங்களிலும் கரும்புள்ளி தெரிந்தால் அது சென்சரில் இருக்கும் தூசி, விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேட்கலாம். சூமில் கரகரப்பும் சேர்ந்திருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.