வைப்ரேஷன் பிளேட்டில் கால் தசைக்கு வலு: முதல்முறை ஏறுபவர்களுக்கு

வைப்ரேஷன் பிளேட் என்பது ஏறி நிற்கும்போது அதிரும் தகடு. அதில் சும்மா ஏறி நின்றால் உடம்பு ஆடும், அவ்வளவுதான், வலு கூடாது. தகடு அதிரும்போது தசைக்குள் நீட்சியை உணரும் இழைகள் மாறி மாறி இழுபட்டு, அந்தச் செய்தி தண்டுவடத்துக்குப் போய், நாம் நினைக்காமலே தசை சுருங்குகிறது. ஏற்கெனவே இறுகியிருக்கும் தசையில்தான் இது நன்றாக நடக்கும் என்பதால் நிற்கும் விதம்தான் எல்லாமே.

கர்ப்பமாக இருப்பவர்கள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், வலிப்பு, ரத்தக்கட்டு, அண்மையில் எலும்பு முறிவு அல்லது அறுவை சிகிச்சை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறவே வேண்டாம்.

1. வேகம். இரண்டு பாதமும் ஒன்றாக மேலும் கீழும் போகும் வகை என்றால் 25 முதல் 30 ஹெர்ட்ஸ் (அதாவது விநாடிக்கு 25 முதல் 30 அதிர்வு) வைத்து, அசைவின் உயரத்தைக் குறைந்த அளவில் விடுங்கள். வேகத்தை இரட்டிப்பாக்கினால் உடம்பு வாங்கும் முடுக்கம் நான்கு மடங்காகும், அதனால் அந்தப் பட்டனில் அவசரம் கூடாது.

2. நிற்பது. இதில்தான் நேரம் செலவழியுங்கள். பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, முழங்காலை நன்றாக மடக்கி, எடையைப் பாதத்தின் முன்பக்கம் கொஞ்சம் சாய்த்து, தொடையை நீங்களே இறுக்கிப் பிடியுங்கள். முழங்கால் விறைப்பாக இருந்தால் அதிர்வு நேராகத் தலைக்கு ஏறும். பல் கிடுகிடுத்தாலோ பார்வை மங்கினாலோ இன்னும் மடக்குங்கள், அப்போதும் அது அடங்கவில்லை என்றால் இறங்கிவிடுங்கள்.

3. பயிற்சி. அரை ஸ்குவாட்டில் (பாதி உட்கார்ந்த நிலையில்) 30 விநாடி, இறங்கி ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி நான்கைந்து சுற்று. வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. அது பழகியதும் மெதுவான ஸ்குவாட், அப்புறம் குதிகாலைத் தூக்கி நிற்பது.

4. கடினமாக்குவது. முதலில் நேரம், பிறகு ஒற்றைக்கால் அல்லது கையில் எடை, கடைசியாகத்தான் ஹெர்ட்ஸ்.

சரி, பலன் எவ்வளவு? பெல்ஜியத்தில் பயிற்சிப் பழக்கமில்லாத இளம்பெண்களிடம் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் முழங்காலை நீட்டும் தசையின் வலு சுமார் 16 சதவீதம் கூடியது. எடைப் பயிற்சி செய்த குழுவுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் ஏற்கெனவே எடை தூக்கிப் பழகிய உடம்புக்கு இந்த அளவு கிடைக்காது, அவர்கள் பார்பெல்லை விட்டுவிட்டு இதற்கு வர வேண்டாம் என்பதே என் கருத்து. தொடங்கும் நாளில் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் குதிக்கிறீர்கள் என்று சுவரில் குறித்து வைத்து, 12 வாரம் கழித்து மறுபடி குதித்துப் பாருங்கள்.